லாட்டில் எடுத்த அலாய் வீல்

என் முதுகுத்தண்டின் படத்தைத் திரையில் பார்த்த டாக்டர், கீழ்ப்பக்கத்தில் ஓர் இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டி, அங்கே டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றார். இனி ஸ்கூட்டர் கூடாது, பஸ்ஸில் நின்றுகொண்டு போகக் கூடாது. காரில் போகலாம், ஆனால் தூக்கிப் போடாத காராக இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் பக்கத்தில் இருந்த என் கணவர், ஏதோ தன்னைத்தான் திட்டிவிட்டார்கள் என்பதுபோல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் நிமிர்ந்ததில் தப்பில்லை. எங்கள் கார் வேகத்தடையில் ஏறும்போது முன்பக்கம் ஒரு சத்தம் போடும், இறங்கும்போது பின்பக்கம் வேறொரு சத்தம் போடும். நாங்கள் வீடு திரும்புகிறோம் என்பது தெருமுனையில் இருப்பவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். விருந்துக்கு வருகிறவர்களை அழைத்துவரப் போனால், அவர்கள் மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் நலம் விசாரிப்பார்கள்.

காங்கேயம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. வீட்டையொட்டி என் கணவரின் தையல் யூனிட். திருப்பூர் கம்பெனிகள் வெட்டி அனுப்பும் துணியைத் தைத்துத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. நான் திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பைனல் செக்கிங்குக்குப் பொறுப்பாளர். எந்த டி-ஷர்ட்டும் என் ஆட்களின் மேஜையைத் தாண்டாமல் பெட்டிக்குள் போக முடியாது. அந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதற்கு அங்கே சம்பளமும் கொடுத்து, மேடம் என்றும் கூப்பிடுகிறார்கள். வீட்டில் அதையே சும்மா செய்தால் வாயாடி என்கிறார்கள்.

நான் லீவில் படுத்துக் கிடந்த நாட்களில் என் நாற்காலியில் பேக்கிங் பிரிவிலிருந்து ஒருவரைத் தற்காலிகமாக உட்கார வைத்திருந்தார்கள். மேனேஜர் போன் செய்தார். "ரெஸ்ட் எடுங்க மேடம், அவசரமில்லீங்க. ஆனா அடுத்த ஷிப்மென்ட்டுக்கு முன்னால வந்துட்டீங்கன்னா நல்லது. இல்லைன்னா இவரையே கன்பர்ம் பண்ணிரலாம்னு எம்.டி. நெனைக்கறாருங்க." அவசரமில்லை என்று சொல்லி அவசரப்படுத்துவதை அந்தக் கம்பெனியில் எல்லாரும் நன்றாகக் கற்று வைத்திருக்கிறார்கள். ஆக, கார் தூக்கிப் போடாமல் ஓடினால் எனக்கு வேலை உண்டு. இல்லாவிட்டால் வீடுதான். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

காங்கேயத்து மெக்கானிக் காரைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார். நான்கு ஷாக் அப்சார்பரும் போய்விட்டன, ரப்பர் புஷ் எல்லாம் கிழிந்துவிட்டன என்றார். "இதெல்லாம் மாத்திப்போட்டா அம்மா தூங்கிட்டே வேலைக்குப் போயிட்டு வரலாமுங்க" என்றார். என் கணவர் விலையைக் கேட்டார். கொஞ்ச நேரம் வண்டிக்கடியில் குனிந்து பார்த்தார். பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"இத்தன காசு போட்டு மாத்துனா, வெளிய பார்க்கறப்ப ஏதாச்சும் தெரியுங்களா?"

"வெளிய என்னங்க தெரியும்? எல்லாம் உள்ளதானுங்களே" என்றார் மெக்கானிக்.

அவ்வளவுதான், அந்த வேலையின் கதை அங்கேயே முடிந்தது. என் கணவரின் தொழில் அப்படி. நெஞ்சுப் பக்கம் துணி இழுக்காமல் இருக்க வேண்டும், பிரின்ட் கோணாமல் இருக்க வேண்டும். உள்தையலைத் திருப்பிப் பார்ப்பவர் உலகத்தில் யாருமில்லை என்பது அவர் நம்பிக்கை. அப்படித் திருப்பிப் பார்ப்பதையே வேலையாகச் செய்யும் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்ததுதான் அவருக்கு வாய்த்த சோதனை.

இந்தச் சமயத்தில் அவருடைய அத்தை மகன் வந்து சேர்ந்தார். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். கார் விஷயத்தில் எங்கள் சொந்தத்துக்கெல்லாம் அவர் சொல்வதுதான் முடிவு. யாரும் கேட்காமலேயே வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போவார். முறைப்படி எனக்கு அண்ணன்.

"தங்கச்சி, சஸ்பென்ஷன்னா ஷாக் மட்டும்னு நெனச்சுப்போட்டீங்களா? வீலு, டயரு, ஸ்பிரிங்கு எல்லாஞ் சேந்ததுதான் சஸ்பென்ஷன். வீலப் பெருசாப் போடுங்க, வண்டி தானா ரோட்டுல உக்காரும்" என்றார்.

"எனக்கு இடுப்பு வலிங்கண்ணா. வண்டி எங்க உக்காந்தா எனக்கென்னங்க?" என்று கேட்டேன். அவர் பெரிய மனதுடன் சிரித்தார். இதற்குள் தாராபுரத்தில் ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மண்டபத்து வாசலில் எந்தெந்தக் கார் நிற்கும், அவற்றுக்கு நடுவில் எங்கள் கார் எப்படித் தெரியும் என்று இரண்டு பேரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பேசினார்கள். நான் பக்கத்து அறையில் வெந்நீர்ப்பையை இடுப்பில் வைத்துப் படுத்துக்கொண்டு கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோயமுத்தூருக்குப் போய்ப் பழைய கார் பாகங்கள் விற்கும் கடை ஒன்றில் நுழைந்தார்கள். அங்கே நடந்ததை என் கணவரே பெருமையாகச் சொன்னதால்தான் எனக்குத் தெரியும்.

இங்கே திருப்பூர்க்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியது, கழித்தது, வாங்க வேண்டிய வெளிநாட்டுக் கம்பெனி வேண்டாமென்றது எல்லாவற்றையும் குவித்து வைத்து ஒரே லாட்டாக விற்பார்கள். பொறுக்கி எடுக்க முடியாது. நல்லதும் கெட்டதும் சேர்த்து அப்படியே அள்ளிக்கொண்டால் விலை பாதாளத்துக்கு இறங்கும். இதில் ஊறிப்போனவர்களுக்கு எதையும் தனியாக விலை கேட்டு வாங்கினால் ஏமாந்துவிட்டதாகவே தோன்றும். எங்கள் வீட்டில் குடையும் லாட்டில் வந்ததுதான், பாதிக்குக் கைப்பிடி கிடையாது. டிபன் டப்பாவும் லாட்டில் வந்ததுதான், மூடிகள் எல்லாம் வேறு அளவு. மழைக்காலத்தில் நாங்கள் குடையைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போவோம்.

அந்தக் கடையில் அலாய் வீல்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பழைய வீலைவிட இரண்டு அங்குலம் பெரிது. பெரிய வீல் உள்ளே அடங்க வேண்டுமென்றால் டயர் மெலிந்துதானே ஆக வேண்டும்? கருப்புப் பட்டை கட்டியதுபோல ஒரு மெல்லிய டயர் அதைச் சுற்றி இருந்தது. என் கணவர் துணியின் கனத்தைப் பார்ப்பதுபோல விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்திருக்கிறார். ஒரு வீல் என்ன விலை என்று அவர் கேட்கவில்லை. "மொத்தமா எடுத்துக்கறனுங்க, லாட் ரேட் சொல்லுங்க" என்றிருக்கிறார். கடைக்காரருக்கு அன்று நல்ல நேரம். வீல்களோடு ஒரு செட் ஸ்பிரிங், ஒரு ஹாரன், ஸ்பாய்லர் என்று காரின் பின்புறம் அழகுக்கு மாட்டும் ஒரு பிளாஸ்டிக் துடுப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டார். ஸ்பிரிங் எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று இருவருமே கேட்கவில்லை. லாட்டில் எடுத்த பொருளின் பூர்வீகத்தை விசாரிப்பது எங்கள் ஊரில் அநாகரிகம்.

"அம்மிணி, உன்ற சஸ்பென்ஷனும் வந்திருச்சு. அதும் சும்மாவே" என்றார், வாசலில் இறக்கிப் போட்டுவிட்டு.

மெக்கானிக் வீல்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். ஒன்று மட்டும் ஆடியது. "இது வளஞ்சிருக்குதுங்க. ஏதோ பள்ளத்துல உட்டிருக்கறாங்க" என்றார்.

என் கணவர் கொஞ்சமும் அசரவில்லை. "நாலுல ஒண்ணுதானுங்களே. மைனரு. பாஸ் பண்ணிரலாமுங்க."

எங்கள் தொழிலில் குற்றங்களை மூன்றாகப் பிரிப்பார்கள். நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் மைனர், ஓரிரண்டு இருந்தாலும் லாட் பாஸாகும். ஓட்டை, கறை என்றால் மேஜர், அதற்குக் கொஞ்சம்தான் இடம் கொடுப்பார்கள். உடைந்த ஊசி முனை துணிக்குள் இருந்தால் கிரிட்டிக்கல், ஒரே ஒரு பீஸில் இருந்தாலும் மொத்த லாட்டும் திரும்பும், ஏனென்றால் அது ஆளைக் குத்தும். வளைந்த வீல் நூல் பிசிறு அல்ல. இதைச் சொன்னேன். "உங்க கம்பெனி ரூல்ஸ ஊட்டுக்குள்ள கொண்டாராத அம்மிணி" என்றார். மைனர், பாஸ் என்ற வார்த்தைகளை வீட்டுக்குள் கொண்டுவந்தவரே அவர்தான்.

ஸ்பிரிங்குகள் பெரிய வண்டியினுடையவை என்பது மாட்டும்போதுதான் தெரிந்தது. கார் ஒரு சாண் உயர்ந்து நின்றது. வீல் உரசாமல் இருக்க மட்கார்டின் உள்விளிம்பைச் சுத்தியால் அடித்து மடித்தார்கள். வளைந்த வீலில் ஆட்டம் குறைய ஈயத் துண்டுகளை வரிசையாக ஒட்டி ஒருவழியாகச் சமாளித்தார்கள். "ஸ்பிரிங் இத்தன டைட்டா இருக்கறப்ப ஷாக்கும் மாத்தோணுமுங்க. இல்லீன்னா குதிக்குமுங்க" என்றார் மெக்கானிக். "அதெல்லாம் அடுத்த ஆர்டர்ல பார்க்கலாமுங்க" என்று சொல்லிவிட்டார் என் கணவர். ஷாக் மாற்ற வேண்டும் என்பதற்காக ஆரம்பித்த வேலையில் ஷாக்கைத் தவிர எல்லாவற்றையும் மாற்றி முடித்தார்கள்.

கோயிலில் பூஜை போட்டார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கார் அதன்மேல் ஏறி இறங்கியபோது நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஏறியது எலுமிச்சம்பழம் என்பது எனக்கு இடுப்பில் தெரிந்தது. வெளியே எல்லாரும் கும்பிட்டார்கள்.

தாராபுரம் போன பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வழியில் ஒரு தீப்பெட்டி கிடந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும். கார் ஒரு முறை மேலே போனால் மூன்று முறை குதித்துவிட்டுத்தான் அமைதியாகும், அதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். ஸ்டியரிங் என் கணவரின் கையில் நடுங்கிக்கொண்டே வந்தது. "ரோட்டக் கவ்விப் புடிக்குது பாரு. அதான் உனக்கு அப்படித் தெரியுது" என்றார். நான் இரண்டு கையையும் சீட்டில் ஊன்றி, உடம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அப்படி ஒரு பயணம் போனவள் நானாகத்தான் இருப்பேன்.

மண்டபத்து வாசலில் என் கணவர் எதிர்பார்த்தது நடந்தது. ஆண்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் குந்தி உட்கார்ந்து வீலைத் தட்டிப் பார்த்தார். இன்னொருவர் துடுப்பைத் தடவினார். "நெம்ப எடுப்பா இருக்குதுங்க மாப்ள" என்றார்கள். அத்தை மகன் நடுவில் நின்று விளக்கம் சொன்னார். மணமகனைக்கூட அன்று அத்தனை பேர் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் இறங்கினேன், இறங்கி நிமிர முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் சொந்தக்கார அம்மா ஒருவர் வந்து கையைப் பிடித்தார். "ஏன் அம்மிணி இப்படி நிக்கற? அந்தச் செக்கிங் வேலையில நின்னு நின்னு வந்ததுதான இது. உடு, இனி ஊட்டுல இரு. எல்லாம் சரியாப் போயிரும்" என்றார். நான் உட்கார்ந்து பார்க்கும் வேலை செய்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பக்கத்திலிருந்த இன்னொருவரிடம் திரும்பி, "இனிமே போகலீன்னு முடிவாயிருச்சாம்" என்றார்.

அது யார் எடுத்த முடிவு என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்தேன். என் கைப்பையில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் எப்போதும் ஒரு கற்றை இருக்கும். கம்பெனியில் துணியில் குற்றம் இருக்கும் இடத்தைக் காட்ட நாங்கள் ஒட்டுவது. காரைச் சுற்றி வந்து, ஒரு பீஸைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தேன். வளைந்த வீலுக்கு ஒன்று, மெலிந்த டயர்களுக்கு ஒவ்வொன்று, சுத்தியால் அடித்த மட்கார்டுக்கு ஒன்று. ஸ்பிரிங்கும் ஷாக்கும் வெளியே தெரியாதே, அதற்காகச் சக்கரத்துக்கு மேலே கீழ்நோக்கி வரிசையாக ஒட்டினேன். துடுப்புக்குக் கொஞ்சம் தாராளமாகவே ஒட்டினேன். குனிய முடியாத இடுப்போடு அதைச் செய்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று, ஆனால் அந்த வாரத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான்.

எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தார். "செவப்பு நல்லா எடுத்துக் குடுக்குதுங்க. எந்தக் கடையிலீங்க ஒட்டுனீங்க?" என்று கேட்டார்.

என் கணவர் ஓடி வந்து ஒவ்வொன்றாகப் பிய்க்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க, லாட் ரிஜெக்ட்டுங்க. எல்லாத்தையும் கழட்டிப்போட்டு மொதல்ல சொன்ன ஷாக்க மாத்திக் குடுங்க. நான் வேலைக்குப் போகோணும்" என்றேன்.

அவர் பிய்ப்பதை நிறுத்தினார். கோபமே இல்லை. எனக்குப் புரியாத ஒன்றைப் பொறுமையாகச் சொல்வதுபோலத்தான் சொன்னார். "அம்மிணி, நீ இனி வேலைக்குப் போறதில்லீன்னுதான நாங்க பேசிக்கிட்டோம். தெனம் போயிட்டு வந்தாத்தான ஷாக்கு. எப்பவாச்சும் கல்யாணங் காச்சிக்குப் போறதுக்கு எதுக்கு அத்தன செலவு? அதான் இருக்கற காசுல வண்டி பார்க்க நல்லா இருக்கட்டுமேன்னு பண்ணுனது. மச்சான் உங்கிட்டச் சொல்லுலியா?"

மச்சான் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்கள், தாராபுரத்தில் பந்தி பரிமாறியவருக்குக்கூடத் தெரிந்திருக்கலாம். அவர்கள் வீலை வாங்கப் போன அன்றே என் வேலையையும் சேர்த்து முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். இத்தனை நாளும் அதை விவரம் கெட்ட செலவு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கையில் மிச்சமிருந்த ஸ்டிக்கர்களைப் பையில் போட்டேன். உள்ளே போய்விட்டேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன், அழுதால் இடுப்பு வலிக்கு அழுகிறாள் என்று இன்னும் ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

யூனிட்டில் தைத்ததை ஏற்றிக்கொண்டு தினமும் காலையில் ஒரு டெம்போ திருப்பூர் போகும், சாயங்காலம் வெட்டிய துணியோடு திரும்பி வரும். ஓட்டுபவர் திருநெல்வேலிப் பக்கம், சொந்த வண்டி. மறுநாள் காலை அவரிடம் போய், திருப்பூர் வரை என்னையும் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டேன்.

"வாங்கக்கா. ஆனா காரு இருக்கே? வீலெல்லாம் அம்சமால்லா இருக்கு" என்றார். அவரும் வீலைத்தான் பார்த்திருக்கிறார்.

முன் சீட்டில் பனியன் வேஸ்ட் துணி அடைத்த மூட்டை ஒன்றைப் போட்டு, முதுகுக்கு இன்னொன்றைச் சாய்த்து வைத்தார். பின்னால் துணிக்கட்டுகளை அடைத்து ஏற்றியிருந்தார்கள். பாரம் ஏறிய வண்டி அழுந்தி, மெதுவாகப் போனது. படியூர் தாண்டும்வரை நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு கடிக்க வேண்டியதில்லை என்று தெரிந்தது.

செக்கிங் ஹாலில் என் நாற்காலியில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பேக்கிங் பக்கம் போனார். மேனேஜர் எட்டிப் பார்த்தார். "வந்துட்டீங்களா மேடம்? கார்லயா?" என்றார். "டெம்போலீங்க" என்றேன். சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுவிட்டுப் போனார். நான் நாற்காலியின் உயரத்தைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தேன். முதல் பீஸை உள்பக்கமாகத் திருப்பியபோது கண் நிறைந்துவிட்டது. பக்கத்து மேஜைப் பெண்கள் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு வெளியே எங்கள் கார் நின்றது. என் கணவர் கூட்டிப் போக வந்திருந்தார், ஸ்டிக்கர் பிசின்கூடத் தெரியாமல் துடைத்திருந்தார். வாட்ச்மேனும் ஷிப்ட் முடிந்த இரண்டு பையன்களும் வீலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் பேசி வைத்தபடி டெம்போவும் வெட்டிய துணியை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து நின்றது. நான் நேராகப் போய் அதில் ஏறி மூட்டையின்மேல் உட்கார்ந்தேன்.

காங்கேயம் ரோட்டில் கார் எங்களுக்குப் பின்னாலேயே வந்தது. பக்கக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அது மேலே எழும்பி மறைந்து, திரும்பவும் வந்தது. ஹாரன் அடித்தார். "அண்ணன் வாராருக்கா, வழி விடவா?" என்று டிரைவர் கேட்டார். இப்படியே போங்கள் என்றேன். போன் அடித்தது.

"அம்மிணி, டெம்போவ ஓரங்கட்டச் சொல்லு. எறங்கிக் கார்ல வா." அவர் குரல் பாதியில் குலுங்கி நின்று மறுபடி வந்தது. "ஊருக்குள்ள நீ இதுல வந்து எறங்குனா என்னைய என்ன நெனைப்பாங்க?"

"இல்லீங்க. நாளைக்கும் நான் வேலைக்குப் போகோணும்" என்று சொல்லி போனை வைத்தேன்.